ஒப்புக்கொண்ட பிழைகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஊடக மதிப்பீட்டு நிலையம் என்று பலகை மாட்டிய நான்கு அறைகள் இருந்தன. நாளிதழோ வார இதழோ, வானொலியோ வலைத்தளமோ, யார் நடத்தினாலும் ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு இரண்டு மதிப்புகள் வழங்குவது அங்கே நடந்த வேலை. முதலாவது மெய்மை: அது சொல்வதில் எவ்வளவு உண்மை. இரண்டாவது சாய்வு: சொல்லும்போது எந்தக் கட்சியின் பக்கம் எவ்வளவு சாய்கிறது. இரண்டையும் சேர்த்து ஆண்டிறுதியில் ஒரு தடித்த தொகுதி வெளிவரும். நூலகங்கள் அதைப் பார்த்து இதழ்களை வாங்கின. பள்ளிகள் அதைப் பார்த்து விலக்கின. அரசு ஆணையங்களோ, ஒரு விசாரணையில் எந்த இதழின் செய்தியைச் சான்றாக ஏற்பது, எதை ஓரமாக வைப்பது என்பதை அத்தொகுதியைப் புரட்டித்தான் முடிவு செய்தன.

மெய்மைப் பிரிவின் தலைமைச் சரிபார்ப்பாளருக்கு அலுவலகத்தில் சல்லடை என்று பெயர். பெயரிட்டவர் எதிர்மேசையில் அமர்ந்து சாய்வு பார்க்கும் அம்மையார். பதிலுக்கு அவர் அந்த அம்மையாருக்குத் தராசு என்று பெயர் சூட்டினார். இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டன. இயக்குநரே கோப்பு அனுப்பும்போது, "இதைச் சல்லடை மேசைக்குக் கொண்டு போங்க" என்பார்.

நிலையத்துக்கு வருமுன் சல்லடை பன்னிரண்டு ஆண்டுகள் தொலைபேசி விவரப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவர். அந்தப் புத்தகத்தில் கருத்து என்று ஒன்று கிடையாது; எண் சரி, அல்லது தவறு. ஓர் இலக்கம் பிசகினால் எங்கோ ஒரு தையற்காரர் வீட்டில் தீயணைப்பு நிலையத்துக்கான அழைப்புகள் வந்து விழும். ஒரு முறை அப்படியே நடந்தது. தையற்காரர் அலுவலகத்துக்கே வந்து, "உங்க ஒரு நம்பரால பத்து நாளா என் வீட்லதான்யா ஊர் நெருப்பெல்லாம் எரியுது" என்று கத்தினார். உலகில் உள்ள எதையும் சரி, தவறு என்ற இரண்டு பெட்டிகளில் போட்டுவிடலாம், போட்டே ஆகவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எலும்பில் ஊறியது அங்கேதான்.

வீட்டிலும் அதே கதை. மருந்துப் புட்டியின் தேதியை வாரம் ஒரு முறை பார்ப்பார். சுவர்க்கடிகாரத்தை வானொலி மணியோடு ஒப்பிட்டு முள்ளைத் தள்ளி வைப்பார். அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற மனைவிக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"ஏங்க, அது ஒரு நிமிஷம் முந்தி ஓடினா யாரு தலை உருளப்போகுது?"

"ஒரு நிமிஷம்னாலும் தப்பு தப்புதானே."

"முப்பத்து நாலு வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேனே, அது சரியா தப்பா? எந்தப் பெட்டில போட்டிருக்கீங்க?"

"அது இன்னும் சரிபார்ப்புல இருக்கு" என்பார், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல்.

நிலையத்தின் விதிநூலில் ஒரு விதி அவர் கையால் எழுதப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒன்பது பேர் பார்த்த வேலையை நான்கு பேர் பார்க்க வேண்டி வந்தது. ஒரு கூற்றைச் சரிபார்க்கவே மருத்துவமனை, காவல் நிலையம், நகராட்சி என்று இரண்டு நாள் அலைய வேண்டும். அப்போது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஆண்டு முழுவதும் ஓர் இதழில் வந்த செய்திகளில் சீட்டுக் குலுக்கி நாற்பது கூற்றுகளை எடுத்துச் சரிபார்ப்பது. அதோடு, அந்த இதழ் தானாகவே 'நாங்கள் சொன்னது தவறு' என்று வெளியிட்ட திருத்தங்கள் அனைத்தையும் பிழைக் கணக்கில் சேர்ப்பது. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு சாட்சி எதற்கு? வண்டியேறி அலைய வேண்டியதில்லை. பிழைகள் தாமாக வந்து மடியில் விழும். 'ஒப்புக்கொண்ட பிழை' என்று அதற்குப் பெயரும் வைத்தார். இயக்குநர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிற ஊர்களில் இருந்த மதிப்பீட்டு நிலையங்களும் அவ்விதியை வரி பிசகாமல் எடுத்துக்கொண்டன. பதினான்கு ஆண்டுகளில் எவரும், எழுதியவர் உட்பட, அதில் ஒரு குறையும் கண்டதில்லை.

அவர் ஓய்வுபெற ஓராண்டும் சில மாதங்களும் இருந்தபோது 'நடப்போர் மடல்' முதன்முறையாக அவர் மேசைக்கு வந்தது.

அது எட்டுப் பக்க மாத இதழ். பாதசாரிகள் சங்கம் நடத்துவது. நகரைச் சுற்றிப் போகும் வெளிவட்டச் சாலையில் லாரிகள் இரவும் பகலும் பறந்தன. சாலையின் ஒரு பக்கம் குடியிருப்பு. மறுபக்கம் பள்ளியும் மருந்தகமும். நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடக்க ஒரு பாலம் இல்லை, ஒரு விளக்கு இல்லை. அங்கே அடிபட்டு இறந்தவர்களின் பெயர், வயது, இடம், நேரம் என்று மடல் மாதந்தோறும் பட்டியல் போட்டது. அவ்வாண்டுப் பட்டியலில் முப்பத்தேழு பேர் இருந்தனர். சாலை ஆணையம் பொது விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. பட்டியல் சான்றாக ஏற்கப்பட்டால் பாலம் வரும் என்று சங்கம் நம்பியது. ஏற்கப்பட வேண்டுமானால் மடலின் மெய்மை 'உயர்வு' அல்லது 'மிக உயர்வு' என்று தொகுதியில் இருக்க வேண்டும். 'நடுத்தரம்' என்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பில் லாரி உரிமையாளர் சங்கம் இருந்தது. அதற்கும் 'சரக்குப் பாதை' என்றொரு வார இதழ் உண்டு. வழவழப்பான தாளில் நாற்பது பக்கம். அதுவும் அதே ஆண்டு மதிப்பீட்டுக்கு வந்தது.

சாய்வு முதலில் முடிந்தது. இதழில் எந்தக் கட்சியின் மீது எத்தனை வாக்கியங்கள் குறை சொல்கின்றன என்று எண்ணிக் கழிப்பது தராசம்மாளின் முறை.

"உங்க மடல் எதிர்க்கட்சிப் பக்கம் ரெண்டு புள்ளி சாயுது" என்றார் அவர், மேசைக்கு மேலே தாளை நீட்டி.

"அவங்க அப்படிப்பட்ட ஆளுங்களா?"

"அட, அஞ்சு வருஷத்துக்கு முந்தின இதழை எடுத்துப் பார்த்தேன். இப்போ ஆளுறவங்க அப்போ எதிர்க்கட்சி, இப்போ எதிர்க்கட்சி அப்போ ஆளுங்கட்சி. அப்போ மடல் இப்போ ஆளுறவங்க பக்கம் ரெண்டு புள்ளி சாஞ்சிருக்கு. யாரு நாற்காலில உக்காந்திருக்கானோ அவனைப் பார்த்துத்தானே 'பாலம் எங்கடா'ன்னு கேக்க முடியும்? சாயுறது மடல் இல்லங்க, நாற்காலி."

"அதை எழுதுங்களேன்."

"எழுத நம்ம படிவத்துல கட்டம் இல்ல."

"அப்போ அந்த லாரிக்காரங்க?"

"சுத்தமான நடுநிலை. ரெண்டு கட்சிக்கும் சமமா சலாம் போடுறான். முள்ளு அசையவே மாட்டேங்குது" என்று சொல்லி அவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

சல்லடை தம் வேலையைத் தொடங்கினார். மடலில் இருந்து சீட்டில் விழுந்த நாற்பது கூற்றுகளையும் அவரே அலைந்து பார்த்தார். பிணவறைப் பதிவேட்டில் நேரம் பார்த்தார். சாலையின் அகலத்தை நாடா பிடித்து அளந்தார். முப்பத்தொன்பது சரி. ஒரே ஒரு பிழை: வேக வரம்புப் பலகையில் ஐம்பது என்றிருந்ததை அறுபது என்று எழுதியிருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுப் பணியில் இவ்வளவு சுத்தமான தானியத்தை அவர் சலித்ததில்லை.

பிறகு ஏழாம் பக்கத்துக்கு வந்தார். அங்கே மாதந்தோறும் 'நாங்கள் செய்த தவறு' என்றொரு பகுதி, முதற்பக்கச் செய்திக்கு உரிய அதே பருமனான எழுத்தில். வயதை இரண்டு கூட்டிப் போட்டுவிட்டோம். மழை பெய்தது என்றோம், பெய்யவில்லை. பதினொரு மாதங்களில் பதினொன்று. விதிப்படி எல்லாவற்றையும் பிழையில் சேர்த்தார். ஐம்பத்தொன்றில் பன்னிரண்டு, நூற்றுக்கு இருபத்து மூன்றரை. ஐந்து வரை 'மிக உயர்வு', பத்து வரை 'உயர்வு', இருபத்தைந்து வரை 'நடுத்தரம்'. இயக்கம் நடத்துகிறவர்கள் உணர்ச்சிவசப்பட்டு எழுதுவார்கள், பிறகு மன்னிப்புக் கேட்பார்கள், இது வழக்கந்தானே என்று நினைத்துக்கொண்டு 'நடுத்தரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

'சரக்குப் பாதை'யில் 'பலர் கருதுகின்றனர்', 'கூறப்படுகிறது' என்றிருந்தவை எல்லாம் கருத்து என்று விதிப்படி கழிந்தன. மிஞ்சியவை திறப்பு விழாத் தேதிகள், தலைமை தாங்கியவர் பெயர், டயரின் எடை. நாற்பதில் மூன்று பிழை, ஏழரை. திருத்தம் ஏதும் வெளியிடப்படவில்லை. 'உயர்வு'. முதற்பக்கத்தில் அவ்விதழ் பெரிதாகப் போட்ட தலைப்பு, வெளிவட்டச் சாலையில் ஓராண்டில் இறந்தவர்கள் நால்வர் மட்டுமே என்பது. சீட்டில் அது விழவில்லை.

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வோர் இதழுக்கும் மதிப்பை அனுப்பி, மறுப்பு இருந்தால் ஏழு நாளில் சொல்லலாம் என்று வாய்ப்புத் தருவது நிலையத்தின் நடைமுறை. பெரும்பாலோர் வழக்கறிஞர் வழியாகக் கடிதம் அனுப்புவார்கள். மடலின் ஆசிரியர் மூன்றாம் நாள் தாமே மாடியேறி வந்தார்.

அறுபத்தைந்து வயது இருக்கும். முப்பத்தொரு ஆண்டுகள் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஊரே கண்டக்டர் என்று கூப்பிட்டது. தங்கை அந்தச் சாலையில் மருந்தகத்துக்குப் போகக் கடந்தபோது இறந்தபின் மடலைத் தொடங்கியவர். பேருந்தில் நிற்பவரைப் போலக் கால்களை அகட்டி நின்றார்; உட்காரச் சொன்னபிறகும் நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

"சண்டை போட வரல சார். கணக்கு புரியல, அதான் வந்தேன். பன்னெண்டு தப்புன்னு போட்டிருக்கீங்க. அதுல நீங்க கண்டுபிடிச்சது எத்தனை?"

"ஒன்று. வேகப் பலகை."

"அது சத்தியமா தப்புதான். அடுத்த மாசம் போட்டுடறேன். மீதி பதினொண்ணு?"

"அது நீங்களே வெளியிட்டது."

"நான் வெளியிடாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

சல்லடை விதியை விளக்கத் தொடங்கினார். கண்டக்டர் கையை மெல்ல உயர்த்தினார், வண்டி நிற்கட்டும் என்பதுபோல.

"விதி இருக்கட்டும் சார். பஸ்ல ஒருத்தரைத் தப்பான நிறுத்தத்துல இறக்கிட்டோம்னு வைங்க. விசில் அடிச்சு வண்டிய நிறுத்தி, ஓடிப்போயி, 'ஐயா, வாங்க, ஏறுங்க'ன்னு கூப்பிடணும். வண்டில இருக்கறவன் எல்லாம் திட்டுவான். ஆனாலும் கூப்பிடணும். அப்படிக் கூப்பிட்டதுக்கா சார் மெமோ?"

சல்லடை விதிநூலை மூடி வைத்தார்.

"அந்தப் பதினொண்ணுல ஒண்ணு நீங்க சொன்னது, ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடக் காவலாளி வெளிவட்டச் சாலையில சாகல, உள்தெருவுல செத்தாருன்னு போன்ல சொன்னீங்க. நன்றின்னு சொல்லி அடுத்த மாசமே போட்டேன். முப்பத்தெட்டை முப்பத்தேழாக் குறைச்சேன். அதையும் சேர்த்துத்தான் பதினொண்ணு."

நினைவு இருந்தது. சீட்டில் விழாத கூற்று அது. வேறு எதையோ தேடப் போன இடத்தில் கண்ணில் பட, மரியாதைக்காகத் தொலைபேசியில் சொன்னார். தாம் கொடுத்த அரிசியைத் தாமே எடுத்துக் கல் என்று எண்ணியிருக்கிறார்.

"லாரிக்காரங்க எத்தனை திருத்தம் போட்டாங்க சார்?"

"ஒன்றும் இல்லை."

"அப்போ அவங்க தப்பே பண்ணலையா, இல்ல சொல்லலையா?"

இதைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "விசாரணை அடுத்த மாசம் சார். பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தராசம்மாள் தலையைத் தூக்கவே இல்லை; ஆனால் அவர் பேனா வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

அன்று மாலைவரை சல்லடை பழைய தொகுதிகளைப் புரட்டினார். பதினான்கு ஆண்டுகள். திருத்தம் வெளியிட்ட இதழ்கள் எல்லாம் ஆண்டுக்காண்டு படியிறங்கியிருந்தன. ஒன்றிரண்டு ஆண்டுகளில் அவற்றின் திருத்தப் பகுதி காணாமற்போயிருந்தது. அதன்பின் விறுவிறுவென்று படியேறியிருந்தன. 'ஊடகங்களில் பிழை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. நிலையத்தின் பணிக்கு இது சான்று' என்று முன்னுரைகளில் அவரே எழுதியிருந்தார்.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போனார்.

"அந்த விதி தப்பு சார். நான்தான் எழுதினேன், நானே சொல்றேன். எடுத்துடணும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் அல்லர், மேசை சுத்தமாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர்.

"மதிப்பீடு முடியுற நேரத்துல விதியை மாத்தினா என்ன சொல்வாங்க? அந்தச் சங்கத்துக்காக மாத்தினோம்னு சொல்ல மாட்டாங்களா? நமக்கே சாய்வுன்னு ஆயிடும்."

"அப்போ இந்த வருஷத் தொகுதியில ஒரு அறிவிப்பு மட்டும் போடுவோம். இதுவரைக்கும் போட்ட மதிப்புல இப்படி ஒரு பிழை இருக்கு, அடுத்த வருஷத்துலேர்ந்து திருத்துறோம்னு."

"திருத்தமா? நாமளா?" இயக்குநர் உண்மையாகவே திடுக்கிட்டார். "ஐயா, நம்ம நிலையத்துக்கு மதிப்புப் போடுறது யாரு? நிலையங்களோட கூட்டமைப்பு. அவங்க எந்த விதியை வெச்சுப் போடுறாங்க? நீங்க எழுதிக் கொடுத்ததை. பதினாலு வருஷம், வருஷத்துக்கு அறுபது இதழ். ஒரே அறிவிப்புல எண்ணூத்து நாப்பது ஒப்புக்கொண்ட பிழை. நாம இருக்கிற இடம் தெரியாம போயிடுவோம்."

தன் வினை தன்னைச் சுடும் என்ற பழமொழி சல்லடைக்கு நினைவு வந்தது. ஆனால் இந்த வினை பதினான்கு ஆண்டுகளாக மற்றவர்களைத்தான் சுட்டிருக்கிறது. தமக்கு இதுவரை சூடு எட்டியதே இல்லை.

"உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்" என்றார் இயக்குநர் கனிவாக. "நல்ல பேரோட போங்க. மனசுக்கு உறுத்தினா கோப்புல ஒரு குறிப்பு எழுதி வைங்க. நான் தடுக்க மாட்டேன்."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டார். கேலி வரும் என்று சல்லடை எதிர்பார்த்தார், வரவில்லை.

"எங்க வார்டுல தவறு ஏடுன்னு ஒண்ணு இருந்துச்சு. மருந்து மாத்திக் கொடுத்தா, அளவு கூடிட்டா, அதுல எழுதணும். நல்ல ஏடு. அதைப் பார்த்துத்தான் பல பேரைக் காப்பாத்தினோம். புதுசா வந்த கண்காணிப்பாளர், எந்த ஏட்டுல பதிவு கம்மியோ அந்த வார்டுக்குக் கேடயம்னுட்டாரு. மூணே மாசம். ஏடு வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு. நோயாளி அதேதான், மருந்து அதேதான், நாங்களும் அதேதான்."

"கேடயம் யாருக்குக் கிடைச்சுது?"

"எனக்குத்தான். மேடையில போயி வாங்கினேன்." கத்தியை வைத்துவிட்டுக் கணவரை நேராகப் பார்த்தார். "அதுனால உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா ஒண்ணு. கையெழுத்துப் போட்டுட்டு, 'நான் குறிப்பு எழுதி வெச்சேன்'னு மட்டும் என்கிட்ட வந்து சொல்லாதீங்க."

அவர் கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. குறிப்பு எழுதினார். நாலரைப் பக்கம், காரணம், சான்று, பட்டியல், பரிந்துரை என்று ஒழுங்காக. கோப்பின் கடைசியில் கட்டினார். மனைவியிடம் சொல்லவில்லை. அந்தக் கோப்பு இரும்பு அலமாரிக்குள் போனது. அதன்பின் அதை எடுத்தவர் எவரும் இல்லை.

விசாரணை நடந்த அன்று அவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், பொதுமக்கள் வரிசையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்டக்டர் எழுந்து முப்பத்தேழு பெயர்களையும் படிக்கத் தொடங்கினார். ஆறாவது பெயரில் ஆணையத் தலைவர் தொகுதியைப் புரட்டிவிட்டு நிறுத்தினார்.

"மன்னிக்கணும். உங்க இதழுக்கு மெய்மை நடுத்தரம். சாய்வு ரெண்டு புள்ளி. இதை ஒரு மனுவா வாங்கிக்கிறோம். சான்றா எடுத்துக்க முடியாது."

"ஐயா, பிணவறை ஏட்டுல பாருங்க. எல்லாப் பேரும் இருக்கு."

"அது எங்க வேலை இல்லீங்க. அதுக்குத்தான் நிலையம்னு ஒண்ணு வெச்சிருக்கோம்."

பின்பு லாரி உரிமையாளர் சங்கத்தின் வழக்கறிஞர் எழுந்து, இறந்தவர் நால்வர் என்று 'சரக்குப் பாதை'யைக் காட்டினார். மெய்மை உயர்வு, சாய்வு இல்லை. நான்கு என்ற எண் பதிவில் ஏறியது. நால்வருக்காகப் பாலம் கட்ட விதியில் இடமில்லை என்று பதினைந்தே நிமிடத்தில் தீர்ப்பு. புதிய சான்று இருந்தால் அடுத்த ஆண்டு மனுச் செய்யலாம் என்று ஓர் ஆறுதல் வரி.

அந்தப் பிணவறை ஏட்டை நேரில் பார்த்திருந்த மனிதர் அந்த அறையிலேயே இருந்தார். எழுந்து நான்கு சொல் சொல்லியிருக்கலாம். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயிலில் கண்டக்டர் அவரைப் பார்த்தார், கோபமாகப் பார்க்கவில்லை. பயணச்சீட்டு வாங்காமல் நிற்கிறவரைப் பார்ப்பதுபோல ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கடந்து போனார்.

அடுத்த மாத மடலில் ஏழாம் பக்கத்தில் குடை விளம்பரம் வந்திருந்தது. அதற்கடுத்த மாதம் காலணி விளம்பரம். வேகப் பலகைத் திருத்தம் எங்குமே வரவில்லை.

ஆண்டு திரும்பியது. சல்லடைக்குக் கடைசி மதிப்பீடு. மீண்டும் மடல், மீண்டும் சீட்டு, மீண்டும் நாற்பது. இம்முறை இரண்டு பிழைகள் அகப்பட்டன. ஒன்று சிறியது. மற்றொன்று, இறந்தோர் பட்டியலில் இருபத்திரண்டாவதாக இருந்த காய்கறி வண்டிக்காரர் இறக்கவில்லை. வேறொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, ஒரு காலை இழந்து, உயிரோடு இருந்தார். சல்லடை அவரை நேரில் பார்த்தார். தம் பெயர் பட்டியலில் உள்ளது அவருக்கும் தெரிந்திருந்தது. அன்றே கண்டக்டரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, அந்த வண்டிக்காரர் உயிரோட இருக்கார்."

"தெரியும் சார். ரெண்டு மாசம் முன்னாடியே அவர் வீட்டுக்குப் போயி, பெஞ்சாதிகிட்டயும் அவர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"மடல்ல போடலையே?"

"போட மாட்டேன்."

"ஒண்ணே ஒண்ணுதானே ஐயா? போட்டாலும் 'உயர்வு'க்குக் கீழ போகாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

மறுமுனையில் ஒரு சிரிப்புக் கேட்டது. அதில் ஈரம் இல்லை.

"என் நோட்டுல இந்த வருஷம் ஒன்பது இருக்கு சார். ஒண்ணைப் போட்டா ஒன்பதையும் போடணும். அதுல பாதியை மட்டும் சொல்லிட்டு யோக்கியன்னு நிக்க எனக்கு வராது. சொன்னா முழுசாச் சொல்வேன். இல்லன்னா வாயை மூடிக்குவேன். ஒன்பதையும் போட்டா எங்க போயி நிக்கும், நீங்களே சொல்லுங்க."

சல்லடை மனத்துக்குள் வகுத்தார். நாற்பத்தொன்பதில் பதினொன்று, நூற்றுக்கு இருபத்திரண்டு. "நடுத்தரம்" என்றார்.

"ஆங். உங்க பள்ளிக்கூடத்துல படிச்ச பாடம்தான் சார். முதல் வருஷம் பெயில் ஆனேன். இந்த வருஷம் பாஸ் பண்ணிக்கிறேன். எனக்குப் பாலம் வேணும்."

"தப்புன்னு தெரிஞ்சே—"

"தெரிஞ்சேதான். வெச்சிடறேன் சார்."

சல்லடை படிவத்தை எடுத்தார். சரிபார்த்தவை நாற்பது, பிழை இரண்டு, ஒப்புக்கொண்ட பிழை, இல்லை. நூற்றுக்கு ஐந்து. மெய்மை: மிக உயர்வு. தராசம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஒரே வருஷத்துல ரெண்டு படி தாவிட்டாங்க?" என்றார். அவர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். அந்த அம்மையாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

கையொப்பம் இடாமல் இருந்திருக்கலாம். இட்டால் பொய்யான பட்டியல் சான்றாகும். இடாவிட்டால் உண்மையில் இறந்தவர்களுக்கு இரண்டாம் முறையும் கதவு சாத்தப்படும். இரண்டில் எது சரி, எது தவறு என்று எந்தப் பெட்டியிலும் போட முடியாமல் அவர் அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்குக் கையொப்பமிட்டார்.

இயக்குநருக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தீங்களா? நம்ம மதிப்புக்குப் பயந்துதானே திருந்தியிருக்காங்க. முன்னுரையில இவங்களையே எடுத்துக்காட்டாப் போடுவோம். நீங்களே எழுதுங்க, உங்க கடைசி முன்னுரை."

ஓர் இதழின் மெய்மை ஒரு படிக்கு மேல் உயர்ந்தால் அதுபற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்பது தொகுதியின் நடைமுறை. வாக்கியத்தின் அமைப்பும் விதிநூலிலேயே இருந்தது; இதழின் பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். சல்லடை பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தெளிவான, சாய்வில்லாத எழுத்தில் நிரப்பினார்: "'நடப்போர் மடல்' கடந்த ஆண்டைவிட இவ்வாண்டு துல்லியத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது."

மெய்ப்பு வந்தபோது அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.